மதாம் ப்ரோஸும் பன்னிரண்டு ஜோடிக் கால்களும்

புதுச்சேரியில் ஆண்களின் கால்களை மதாம் ப்ரோஸ் அளவுக்குப் பார்த்தவர் யாரும் கிடையாது. நேரு வீதியில் உள்ள செருப்புக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்தாலும் அவரிடம் தோற்றுப்போவார்கள். அவருக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, காலை வைத்துத்தான் தெரியும். மார்க்கெட்டில் யாராவது எதிரே வந்து, "சௌக்கியமா மதாம்?" என்று கேட்டால் முதலில் குனிந்து பார்ப்பார். பிறகு, "ஓ, பித்தவெடிப்பா! நல்லா இருக்கியா? பொண்டாட்டி எப்டி இருக்கா?" என்பார். பித்தவெடிப்பு என்று அழைக்கப்பட்டவர் ஒரு வங்கி மேலாளர். பக்கத்தில் அவருடைய வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. ப்ரோஸ் என்றால் பிரெஞ்சில் பிரஷ். பெயர் வைத்தவர் எங்கள் தெரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒரு பெரிய வியாழன் அன்று மதாம் இவருடைய காலைத் தேய்த்த தேய்ப்பில் சொல்தா அலறிவிட்டார். "பாலைவனத்துல ரெண்டு வருஷம் காவல் நின்னவன் நான். அங்க கூட என் தோலு உரியல. மதாம் ப்ரோஸ், வுட்டுடு!" என்றார். விடவில்லை. பெயரும் விடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயேசு இறப்பதற்கு முந்தின நாள் தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதை நினைத்து, ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழன் மாலை, எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். பெரியவன் சிறியவனுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது அதன் அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாமியார் முன்னால் அழுக்குக் காலோடு எப்படிப் போவது? மரியாதை என்ன ஆவது? அதனால் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், ஒரு ஏற்பாடு இருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கே பன்னிரண்டு ஆண்களும் கோயில் பின்பக்கக் குழாயடிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். மதாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தேங்காய் நார், சோப்பு, பிரஷ் என்று மூன்று கட்டமாக அத்தனை கால்களையும் தேய்த்துக் கழுவி அனுப்புவார். அதற்குப் பிறகுதான் சாமியார் அதே கால்களை முன்பக்கத்தில், பாட்டோடு, எல்லாரும் பார்க்க, தாழ்மையோடு கழுவுவார்.

முப்பது வருஷம் இப்படித்தான் நடந்தது. எத்தனையோ சாமியார்கள் வந்து போனார்கள். புதுச்சேரி ஆண்கள் மிகவும் சுத்தமானவர்கள் என்று நம்பிக்கொண்டேதான் எல்லாரும் மாற்றலாகிப் போனார்கள்.

குழாயடியில் மதாம் வைத்ததுதான் சட்டம். ஒரு வருஷம் வார்டு அரசியல்வாதி ஒருவர் பன்னிரண்டு பேரில் ஒருவராக ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மதாம் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, இரண்டு விரல்களுக்கு நடுவில் விரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காலோட சாமியாரு கிட்ட போவாத. அவருக்கு சுகர் இருக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆள் குறைந்ததால் பாட்டுக்குழுவில் தபலா வாசிப்பவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்று பாதிப் பூசை தாளம் இல்லாமல் நடந்தது.

இன்னொரு வருஷம் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். மீசையே ஒரு முழம் இருக்கும். மதியம் தூங்கும்போது அவருடைய மகள் பத்துக் கால் விரல்களுக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுவிட்டிருந்தாள். அவர் கவனிக்கவில்லை. மதாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூசைச் சாமான் வைக்கும் சக்ரீஸ்தி அறைக்குள் போய் பெயிண்ட் கரைக்கும் தின்னர் கொண்டுவந்து துடைத்து அனுப்பினார். சாமியார் அந்தக் காலை முத்தமிடக் குனிந்தவர், வாடை தாங்காமல் அப்படியே நிமிர்ந்து, வெறும் சிலுவை அடையாளம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த காலுக்கு நகர்ந்துவிட்டார்.

இப்போது நான் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் அன்பியத்துக்கு நான் செயலாளர். அன்பியம் என்றால் ஒரே தெருப்பக்கத்து முப்பது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்கிற குழு. வேறு யாரும் நோட்டு எழுத முன்வராததால் அந்தப் பதவி எனக்கு வந்தது. பகலில் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன். சாயங்காலம் கோயில் விஷயம் பேசும் பங்குப் பேரவையில் எடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்குக் கோபம் அதிகம். மறைத்துப் பேசத் தெரியாது.

எனக்கு மதாம் ப்ரோஸைப் புரியவே புரியாது. பங்கில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. ஆனால் எதற்காகச் சண்டை போட்டேன் என்று எனக்கே குழம்பியது அவரிடம் மட்டும்தான்.

பெண்கள் பீடத்தில் ஏறக்கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. பைபிள் வாசகம் படிக்க ஒரு கல்லூரிப் பெண் பீடத்துப் படி ஏறினால், "காலம் கெட்டுப்போச்சி" என்பார். நான் விடமாட்டேன்.

"நீங்க மட்டும் தெனம் மூணு வாட்டி ஏறி எறங்குறிங்களே மதாம்?"

"நான் பெருக்க ஏறுறேன்டி."

அதாவது, கையில் விளக்குமாறு இருந்தால் ஏறலாம், புத்தகம் இருந்தால் கூடாது. இதைச் சொல்வது ஒரு ஆணாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்வது மதாம்.

பெண்கள் கோயிலில் வாய் திறக்கக்கூடாது என்பதும் அவருடைய கொள்கை. அவர் திறந்ததே இல்லை. மூன்றாவது பெஞ்சில், தூண் ஓரம் உட்காருவார். அந்தத் தூணில்தான் எல்லா மின்விசிறிக்கும் சுவிட்ச் இருந்தது. பிரசங்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டினால் ஒரு விசிறியை அணைப்பார். முதலில் சாமியாரின் தலைக்கு மேல் இருப்பது. பன்னிரண்டு நிமிஷத்தில் இன்னொன்று. ஒருமுறை ஒரு சாமியார், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆரம்பித்தார். இரண்டாவது நிமிஷத்திலேயே எல்லா விசிறியும் நின்றுவிட்டது. மே மாதம். சாமியார் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "சுருக்கமாகச் சொன்னால்" என்று முடித்தார். மதாம் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு புதிய சாமியார் வந்தார். இளைஞர். பெங்களூரில் படித்தவர். பேரவைக் கூட்டத்தில், "உங்கள் மனதில் உள்ளதைத் தைரியமாகச் சொல்லுங்கள்" என்றார். இதை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாது. எழுந்துவிட்டேன்.

"நம்ம பங்குல பன்னெண்டு அன்பியம் இருக்குது ஃபாதர். ஜெபத்துக்கு வர்றது பொம்பளைங்க. சுண்டல் செய்யறது பொம்பளைங்க. வூடு வூடா போயி ஆள் சேக்கறது பொம்பளைங்க. பெரிய வியாழன் வந்துட்டா மட்டும் அன்பியத்துக்கு ஒரு ஆம்பளைய அனுப்பணும். எங்க அன்பியத்துல இருந்து போன வருஷம் போனவருக்கு, அன்பியம் எந்தக் கெழமைன்னு கேளுங்க, தெரியாது. பொம்பளைங்க காலயும் கழுவலாம்னு ரோமாபுரியில இருந்தே சொல்லி எவ்ளோ வருஷம் ஆச்சு? அது எங்க தெருவுக்கு எப்ப வரும்?"

பேரவைத் துணைத்தலைவர் தொண்டையைச் செருமினார். இவர் எதற்கும் எதிராக எழுந்திருப்பவர். "இயேசு கழுவுனது பன்னெண்டு ஆம்பளைங்க காலும்மா."

"அந்த பன்னெண்டுல ஒருத்தன் காட்டிக் குடுத்தான். ஒருத்தன் ஆளே தெரியாதுன்னான். மிச்சம் பேர்ல ஒருத்தரத் தவிர எல்லாம் ஓடிப்போயிட்டாங்க. சிலுவை கிட்ட கடைசி வரைக்கும் நின்னது யாரு? பொம்பளைங்க."

"அதெல்லாம் பைபிள்ல இருக்குதும்மா. நம்ம பங்குல பழக்கம் இல்ல."

புதிய சாமியார் சிரித்துவிட்டார். அங்கேயே முடிவு சொன்னார். இந்த வருஷம் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள். நான் கைதட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொன்று. இனிமேல் யாரும் முன்னாலேயே காலைக் கழுவிக்கொண்டு வரக்கூடாது. கழுவிய காலைக் கழுவுவது நாடகம். பன்னிரண்டு பேரும் செருப்பில்லாமல் தெருவைச் சுற்றிப் பவனியாக வாருங்கள். அந்தத் தூசியோடு வாருங்கள். நான் கழுவுகிறேன்" என்றார். அதற்கும் கைதட்டினேன். எல்லாரும் தட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் அன்பியத்தின் பெயராக மதாம் ப்ரோஸின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் மற்றவர்கள் காலைக் கழுவியவர். இவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? நினைக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் கோயில் வாளி.

"ஏண்டி, யாரக் கேட்டு என் பேரக் குடுத்த?"

"உங்களுக்குக் கௌரவம்தானே மதாம்?"

"நான் கேட்டனா?"

"இத்தன வருஷமா நீங்க எல்லார் காலயும் கழுவுறிங்க. ஒரு நாளாவது உங்க கால ஒருத்தரு கழுவ வேணாமா?"

"என் காலுக்கு இன்னா கேடு? நான் கழுவிக்க மாட்டனா?" வாளியைக் கீழே வைத்தார். "அவரு இன்னா சொன்னாரு கூட்டத்துல? கழுவாம வரணும்னாரா?"

"ஆமா."

"நீ கைய தட்டுன."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பூசையில் ஒரு பெண்ணுக்கு முப்பது வருஷமாக ஒரு வேலை இருந்தது. அதை நான் கைதட்டி ஒழித்துவிட்டு, பெண்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்துத் தூங்கி எழுந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. என் மேல் கோபம் வந்தால் நான் எதிரே இருப்பவரைத்தான் திட்டுவேன்.

"அது இன்னா பெரிய வேலையா மதாம்? பின்னாடி குழாயடியில, யாருக்கும் தெரியாம, ஆம்பளைங்க கால தேய்க்கறது? அடிமை வேல. முன்னாடி வந்து உக்காருங்கன்றேன்."

"உக்காந்து?"

"உக்காந்து... உக்காரணும். அவரு கழுவுவாரு."

"நான் கால நீட்டிகினு சும்மா உக்காந்துகினு இருக்கணும்?"

"கௌரவம் மதாம்!"

"கௌரவத்த நீயே வெச்சிக்க. எனக்கு என் குழாயக் குடு" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பெயரை அடிக்கவில்லை. பிடிவாதம். அவரும் அடிக்கச் சொல்லவில்லை. பட்டியல் கோயில் கதவில் ஒட்டியாகிவிட்டது, இனி வராவிட்டால் அன்பியத்துக்குக் கெட்ட பெயர் என்று தெருவில் சொன்னாராம். மற்ற ஐந்து பெண்கள் வீட்டிலும் கலவரம்தான். ஒரு வீட்டில் கணவர், "சாமியாரு என் பொண்டாட்டி காலத் தொடறதா? நானே தொட்டதில்ல!" என்று கத்தினார். "அதாங்க நானும் சொல்றேன்" என்று அந்தப் பெண் பதில் சொன்னதாகக் கேள்வி. அவள் பெயர் பட்டியலில் நீடித்தது.

பெரிய வியாழன் வந்தது. அந்த வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு அதிசயம் நடந்திருந்தது. தேர்தல் வந்ததால் ரோடு போட்டிருந்தார்கள். பளபளவென்று புதுத் தார். சாமியார் வெளியூர்க்காரர், அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. எங்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும். ரோடு வந்த சந்தோஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மதாமுக்கு மட்டும் தோன்றியது. பவனி கிளம்பும்போது பதினொரு பேர் வெறுங்காலோடு நின்றார்கள். பன்னிரண்டாவதாக மதாம், காலில் ரப்பர் செருப்போடு.

துணைத்தலைவர் ஓடிவந்தார். "மதாம், செருப்ப கழட்டுங்க. சீடருங்க செருப்பு போடல."

"சீடருங்க காலத்துல தாரு ரோடு இல்ல. நீ போ."

ஐந்தரை மணி வெயில். தெருவைச் சுற்றி வருவதற்குள் தார் இளகி, பதினொரு ஜோடிக் கால்களிலும் கணுக்கால்வரை ஒட்டிக்கொண்டது. கூடவே ஜல்லிப்பொடி. ஒவ்வொருவரும் கறுப்பு சாக்ஸ் போட்ட மாதிரி கோயிலுக்குள் வந்தார்கள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. உட்கார்ந்தார்கள். மதாம் செருப்பைப் பக்கவாசலில் விட்டுவிட்டு, கடைசி நாற்காலியில் முட்டிமேல் கைவைத்து, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

சாமியார் மேலங்கியைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் ஆளின் முன்னால் முழங்கால் போட்டார். முதல் ஆள் சொல்தா. பாடகர் குழு உருக்கமாக ஆரம்பித்தது. சாமியார் தண்ணீர் ஊற்றினார். தார் அப்படியே இருந்தது. கையால் தேய்த்தார். கைக்கு வந்தது. துண்டால் துடைத்தார். துண்டு காலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தார். சொல்தா, "ஓ லா லா" என்றார். சாமியாரின் சட்டைக் காலரில் மைக். சொன்னது நான்கு தெருவுக்குக் கேட்டது.

பாட்டு மூன்று முறை பாடி முடிந்துவிட்டது. சாமியார் இன்னும் முதல் காலிலேயே இருந்தார். வெள்ளை உடுப்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் வியர்வை, அதைத் துடைத்ததில் அங்கேயும் தார். முன் பெஞ்சில் சிரிப்பை அடக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், நல்ல எண்ணத்தில் செய்தவர், அழுதுவிடுவார் போல இருந்தது.

மதாம் எழுந்தார்.

நேராகக் குத்துவிளக்குக்குப் போனார். பீடத்துக்குப் பக்கத்தில், உச்சியில் சிலுவை வைத்த பெரிய விளக்கு. எரிந்துகொண்டிருந்தது. திரியை ஓரமாக ஒதுக்கினார். இரண்டு கையையும் குழித்துத் தேங்காய் எண்ணெயை அள்ளினார். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து சாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சொல்தாவின் காலில் தடவித் தேய்த்தார். தார் கரைந்து ஓடியது. முந்தானையால் வழித்துத் துடைத்தார்.

"சாரிம்மா," என்றார் சாமியார். மைக்கில்.

"பேசாம ஊத்து," என்றார் மதாம். அதுவும் மைக்கில்.

ஒரு பெண், பீடத்துக்கு முன்னால், பூசை நடுவில், சாமியாரைப் பார்த்து "ஊத்து" என்று சொன்னதைப் புதுச்சேரி கேட்டது. சாமியார் ஊற்றினார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே ஒலிபெருக்கியில்தான். "கட்ட வெரல வுடு. மடக்காத." "யாரு, பித்தவெடிப்பா? எண்ணெ போடுன்னு போன வருஷமே சொன்னேன்." "கூச்சப்படாதம்மா, நானும் பொம்பளதான்." பெண்கள் ஐந்து பேர் முறை வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் தணிந்தது. ஒருத்தியின் குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டு, "நாள் பூரா நிக்கிற வேலையாடி?" என்று கேட்டார். அந்தப் பெண் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். ஆமாம் என்று தலையாட்டியவள், ஏனோ அழ ஆரம்பித்துவிட்டாள்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. சாமியார் முழங்காலிலேயே திரும்பி, கறுப்புக் கையை அந்த நாற்காலி பக்கம் காட்டினார். "நீங்க உக்காருங்கம்மா."

"எனக்கு இன்னாத்துக்கு? நான் செருப்பு போட்டுகினு வந்தேன். மேல பூசையப் பாருங்க, ஜனம் காத்துகினு இருக்குது," என்று சொல்லி, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஆரம்பித்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

ஒரு பெண் சாமியாரின் இடத்தில் உட்கார்ந்து பாதம் கழுவினாள், வரலாற்றில் எங்கள் பங்குதான் முதல் என்று ஒரு வீட்டில் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஆறு பொம்பளைங்க நாற்காலில உக்காரணும்னு நான் சண்ட போட்டேன். அதுல ஒருத்தி எழுந்துபோய் தரையில உக்காந்து ஆம்பளைங்க கால தேய்க்கறா. வூட்ல செய்யறத கோயில்ல செஞ்சா புரட்சியா?" என்றேன். அடுத்த வீட்டில், ஒரு பெண் கோயிலையே கேவலப்படுத்திவிட்டாள் என்றார்கள். அங்கேயும் கோபம் வந்தது. "சாமியாருக்கு தெரியாதத அவங்க செஞ்சி காமிச்சாங்க, அது கேவலமா?" என்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்தடிதான். பத்தடிக்குள் நானே என்னை மறுத்துப் பேசியிருந்தேன்.

ஈஸ்டர் முடிந்து பேரவை கூடியது. மதாமைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். துணைத்தலைவர் எழுந்தார்.

"பீடத்து வெளக்கு எண்ணெய எடுத்து கால்ல தடவுனிங்க."

"மறுநாளே ரொப்பி வெச்சிட்டேன். போயி பாரு."

"அது இல்ல விஷயம். நீங்க சாமியாரு வேலைய செஞ்சிட்டிங்க. அதான் தப்பு."

மதாம் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவர் ஒருவருடைய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "நான் அவரு வேலைய செஞ்சனா? சாமியாருங்க இல்ல இத்தன வருஷமா என் வேலைய செஞ்சிகினு இருந்தாங்க?"

சாமியார் எழுந்து, அடுத்த வருஷமும் ஆறு ஆறுதான், ஆனால் குழாயடி திரும்பவும் நடக்கும் என்றார். மதாம் செய்தது சரியா தப்பா என்று பேரவை நோட்டில் எழுதவில்லை. அங்கேயும் நோட்டு எழுதுகிறவள் நான்தான். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் வெளியே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரா சொல்லுங்க மதாம். பொம்பளைங்க சாமியாரா வரலாமா, கூடாதா?"

"சேச்சே. கூடாது."

"ஏன்?"

"எல்லாரும் சாமியாரா பூட்டா யாருடி வேல செய்யறது?"

எங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா என்று அந்தப் பதிலை இன்னும் நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் இருக்கிற மகள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது குழாயடியை இரண்டு பெண்களிடம் ஒப்படைத்தார். இதுங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் முன்னாலேயே என்னிடம் சொன்னார். விமானம் ஏறுகிற அன்று காலையிலும் கோயிலைப் பெருக்கிவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். அவர் இருக்கிற ஊர்ப்பக்கம் ஏழெட்டுக் கோயில்களுக்குச் சேர்த்து ஒரே சாமியார்தானாம். பல வாரம் அவர் வருவதில்லை. ஒரு பெண்தான் ஜெபம் நடத்துகிறாள், வாசகம் படிக்கிறாள், விளக்கம் சொல்கிறாள், நற்கருணை அப்பம் கொடுக்கிறாள்.

"பேண்ட் போட்டுகினு நடத்தறாடி. முடிய வேற வெட்டிகினு இருக்கா."

"நல்லதுதானே மதாம்? நடத்தட்டுமே."

"இன்னா நல்லது? பீடத்துல பூ வெச்சிருக்கா பாரு, எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிகினு இருக்குது. மாத்துன்னேன். மாட்டன்றா. சாமியாருங்க கூட பரவால்ல, சொன்னா பயப்படுவாங்க. இவ எதுத்துப் பேசறா. உன்ன மாதிரி."

"சண்டையா?"

"தெனம். நேத்து வூட்டுக்கு வந்தா. ஒண்ணா காப்பி குடிச்சோம்."

பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். "அங்க எப்டி நடக்குது?"

நான் யாருக்காகவும் பொய் சொல்லாதவள். சாமியார் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. அந்த இரண்டு பெண்களும் வெந்நீர் வைத்துக் கழுவுகிறார்கள், நேரத்துக்கு முடிக்கிறார்கள். ஆறு பெண்கள் நாற்காலியில் உட்காருவதற்கு இப்போது யாரும் சண்டை போடுவதுகூட இல்லை.

"ஒண்ணும் சரியில்ல மதாம்," என்கிறேன். "நீங்க போனதுல இருந்து ஒரு வேலையும் உருப்படியா நடக்கல."

"எனக்குத் தெரியும்டி," என்பார். அதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.